அம்மா இருக்கிறா, கையெழுத்து இல்லை

எங்கள் திருகோணமலையில் ஒருவருக்கு எழுபது வயதாகும்போது பிள்ளைகள் எல்லாரும் பிளேன் ஏறி முடிந்திருக்கும். உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஒரு பெரிய வீடு, வழுக்குகிற டைல்ஸ், பூட்டின கேற், உள்ளே ஒரு அம்மா, கூட இருந்து சமைத்துக் கொடுக்க ஒரு பெண். மூத்தவன் கனடா, நடுவிலாள் ஜேர்மனி, கடைக்குட்டி லண்டன். காசு வரும், பார்சல் வரும், இரவானால் மூன்று நாட்டு முகமும் போனில் வரும். அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கும் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். பிறகுதான் கேள்வி எழும்: இனி அம்மாவுக்காக யார் முடிவெடுப்பது?

"நாங்கள்தானே பிள்ளைகள்" என்பார்கள். அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தேடினால், இங்கேயும் அங்கேயும் அனேகமாக ஒன்றுமில்லை.

நான் வங்கி உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை, எல்லா வங்கியிலும் இதே கதைதான். பென்சன் வைப்பிலாகும் நாளில் கதவு திறக்க முதலே படியில் ஆட்கள் இருப்பார்கள். பழைய ஆசிரியர்கள், துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், கச்சேரிக் கிளாக்கர்மார், ஆஸ்பத்திரித் தாதிமார். சில பேரை மகனோ மருமகனோ கூட்டி வருவான். ஆட்டோவை வாசலோடு நிறுத்திவிட்டு, "அப்பா உள்ளுக்க இருக்கிறார், இறங்க ஏலாது" என்பான். நாங்கள் படிவத்தையும் மைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெளியே போவோம். பின் சீற்றில் அப்பா சாய்ந்து கிடப்பார். அவருடைய இடது பெருவிரலை மகனே பிடித்து மையில் தோய்த்து, படிவத்தில் அழுத்தி எடுத்து, பிறகு தன் சாரத்து நுனியால் துடைத்தும் விடுவான். அப்பாவின் கண் றோட்டில் போகிற ஏதோவொரு மாட்டின் மேல் இருக்கும். அந்தக் கைநாட்டுக்குப் பெயர் சம்மதம்.

மகனை எங்களுக்குத் தெரியும். அவன் தாய்மாமனைத் தெரியும், படித்த பள்ளிக்கூடம் தெரியும். ஊரில் வங்கி நடப்பதே பாதி அந்தத் தெரிந்த முகத்தில்தான். பெரும்பாலும் அந்தக் காசு அப்பாவின் மருந்துக்கும் பம்பர்ஸுக்கும்தான் போயிற்று, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நிலையான வைப்பெல்லாம் ஒவ்வொன்றாக உடைந்து, வீட்டு வாசலில் புது வான் வந்து நின்ற கதையும் உண்டு. அந்த அப்பாவுக்கும் வருடாவருடம் கிராம அலுவலரின் கையெழுத்தோடு, ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழ் தவறாமல் வந்தது. உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க அரசாங்கத்திடம் ஒரு படிவம் இருக்கிறது. அவருடைய காசு அவருக்குத்தான் செலவாகிறதா என்று பார்க்க ஒன்றும் இல்லை.

என் பெரியம்மா விடயத்தில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

பெரியம்மா தமிழ் ரீச்சர். ஊரில் பல பேருக்கு எழுத்துப்பிழை திருத்தியவர். பெரியப்பா போன பிறகு உவர்மலை வீட்டில் தனியாக இருந்தார். முதலில் அடுப்பில் பால் கருகியது. பிறகு பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போனவர் திரும்பி வர வழி தெரியாமல் பூக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். டொக்டர் மறதி நோய் என்று எழுதிக் கொடுத்தார். கனடாவில் அண்ணா, ஜேர்மனியில் அக்கா, லண்டனில் தம்பி என்று பிள்ளைகள் மூவரும் போனில் கூடி, வீட்டை விற்று, அந்தக் காசில் கொழும்பில் நல்ல பராமரிப்பு இல்லமொன்றில் விடுவது என்று முடிவெடுத்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பயம்தான். கனடா அண்ணாவிடம், தன் சார்பில் செயற்படும்படி பெரியம்மா முந்தி எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் ஒன்று இருந்தது. அதனால் வேலை சுலபம் என்று நினைத்தார்கள்.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு அந்தப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். "அம்மா இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னோம். "அப்ப இதை வைச்சு ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்.

இது நம்மவர்கள் பலருக்குத் தெரியாத இடம், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தால், நான் செய்யக்கூடியதை எனக்குப் பதிலாக இன்னொருவர் செய்யலாம். நானே செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டால், என்னிடமிருந்து கடன் வாங்கிய அதிகாரம் அவரிடமும் இருக்காது. இலங்கையில் 1902ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிகிற அற்றோணி இந்த வகைதான். எழுதியவருக்கு அறிவு நிலை போனால் பத்திரத்தின் உயிரும் போயிற்று. எந்த நாளுக்காக எழுதி வைக்கிறோமோ அந்த நாளில்தான் அது கைவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கிற எத்தனை பிள்ளைகள் இந்தக் கடதாசியை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மற்ற நாடுகள் இதை முன்பே கவனித்துவிட்டன. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், எழுதியவர் நினைவிழந்த பிறகும் செல்லுபடியாகிற நீடித்த அற்றோணியைக் கொண்டுவந்தது. பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும். ஒன்ராறியோவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என்று இரண்டு பத்திரத்துக்கு இடம் வைத்தது. பிரான்ஸ் 2007இல் சட்டம் செய்தது. சுவிஸில் 2013இல் இருந்து முன்னேற்பாட்டு ஆணை என்று ஒன்று எழுதலாம். ஜேர்மனியில் 'போர்சோர்கபோல்மாக்ட்' என்பார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், ஆனால் அங்கே சாதாரணத் தொழிலாளியும் அறிந்த பத்திரம் அது.

சரி, பெரியம்மாவிடம் வருகிறேன். "அப்ப அம்மா தெளிவா இருக்கிற நாளாப் பார்த்து உறுதியிலயே கையெழுத்து வைப்பிப்பம்" என்று அண்ணா போனில் சொன்னார். நொத்தாரிசு முகத்தில் அடித்தமாதிரி மறுக்கவில்லை. வந்து பார்க்கிறேன் என்றார். உறுதியின் நகலோடு ஒரு சனிக்கிழமை வந்தார். பெரியம்மா குளித்து, சேலை மாற்றி, மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாளைக் கொடுத்ததும் கண்ணாடியை மூக்கில் இறக்கி வரிவரியாக வாசித்தார். பேனை கேட்டார். எங்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது. பேனையை வாங்கி, இரண்டாம் பக்கத்தில் 'கிளக்கு எல்லை' என்று இருந்ததை வெட்டி, மேலே 'கிழக்கு' என்று எழுதிவிட்டு, "ரைப் அடிச்சாப் பிறகு ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறேல்லையோ?" என்று நொத்தாரிசைப் பார்த்துக் கேட்டார்.

அவர் சிரித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். "ரீச்சர், இதில எழுதியிருக்கிற காணி ஆற்ற காணி?"

"எனக்கெப்பிடித் தெரியும்? உங்கட ஆக்களைக் கேளுங்கோ."

"இந்த வீட்டை விக்கிறதுக்கு உங்களுக்குச் சம்மதமோ?"

"எந்த வீடு?"

"நீங்கள் இருக்கிற இந்த வீடுதான்."

"இஞ்சையிருந்து நான் ஒரு இடமும் போகமாட்டன்." அதைச் சொல்லும்போது பெரியம்மாவின் குரலில் ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை. வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னார்.

நொத்தாரிசு நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணி குடித்தார். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதைவிட வேறு வழியில்லை என்று வாசலில் வைத்துச் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை. கையைப் பிடித்து எழுத வைக்கிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

எழுத்துப்பிழை கண்ணில் படுகிறது. காணி தன்னுடையது என்பது மறந்துவிட்டது. எங்கே இருக்க விருப்பம் என்பது மட்டும் கல்லில் வெட்டினதுபோல நிற்கிறது. இப்படி ஒரு ஆளைப் பார்த்து, புத்தி இருக்கிறதா இல்லையா என்று ஒரே கேள்வியில் முடிக்க முடியுமா? நம்முடைய சட்டம் அதைத்தான் கேட்கிறது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. உறவினர் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வைத்திய சாட்சியத்தோடு விசாரணை நடக்கும், ஆள் சித்த சுவாதீனம் அற்றவர் என்று நீதிமன்றம் கண்டால் ஆதனத்துக்கு ஒரு முகாமையாளரையும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரையும் நியமிக்கும். மனநோய்கள் கட்டளைச் சட்டம் இன்னும் பழசு, 1873. முகாமையாளர் நினைத்தபாட்டுக்குக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்தப் பூட்டு இருக்கத்தான் வேண்டும். குறை என்னவென்றால், ஒன்றில் முழு மனுஷர் அல்லது சித்த சுவாதீனம் அற்றவர், இடையில் ஒரு படியும் கிடையாது.

இங்கிலாந்துச் சட்டத்தின் முதல் பிரிவை நான் வாசித்தபோது பெரியம்மாவுக்கென்றே எழுதினதுபோல இருந்தது. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே தொடங்க வேண்டும். உதவி செய்து பார்க்க முடிந்ததையெல்லாம் செய்யாமல் 'இவரால் ஏலாது' என்று எழுதக்கூடாது. முட்டாள்தனமான முடிவு எடுக்கிறார் என்பதற்காகத் திறன் இல்லை என்று ஆகாது (இந்த ஒரு வரியை நம்மூர்க் கல்யாண வீடுகளில் வாசித்துக் காட்ட வேண்டும்). அதற்கு மேல், திறன் என்பது அந்தந்த முடிவுக்கு, அந்தந்த நேரத்துக்குப் பார்க்க வேண்டியது. வீட்டை விற்கத் திறன் இல்லாதவர், எந்தக் கட்டிலில் படுப்பது என்று சொல்லத் திறன் உள்ளவராக இருக்கலாம்.

இன்னொன்று, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கே அதிர்ச்சி தருவது. அங்கே உறவுக்குத் தானாக வருகிற அதிகாரம் மிகக் குறைவு. ஜேர்மனியில் 2022 முடியும் வரை, மனைவி சுயநினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தால் புருஷன் அவளுக்காகச் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லச் சட்டம் இருக்கவில்லை. பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம் ஆள் நியமிக்க வேண்டும். 2023 ஜனவரியில் இருந்துதான் கணவன் மனைவிக்கிடையில் மட்டும், உடல்நல விடயத்தில் மட்டும், அதிகமாக ஆறு மாதத்துக்கு என்று அனுமதித்திருக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஜேர்மனியில் இருக்கிற அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப இருபத்தஞ்சு வருசமா இஞ்ச நாங்கள் என்ன துணிவில இருந்தனாங்கள்?" என்றா.

இத்தனை நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு பக்கம் இழுத்தால், நாலு நாட்டில் கிடக்கிற ஒரு குடும்பம் என்ன செய்யும்? இதற்கென்று ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் திகதி ஹேக் நகரில் முடிவானது, வயது வந்தோரின் சர்வதேசப் பாதுகாப்புப் பற்றியது. நடைமுறைக்கு வர ஒன்பது வருடம் எடுத்தது. மூன்று நாடுகள் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரித்தானியா ஸ்கொட்லாந்துக்கு மட்டும் என்று ஏற்றது, பிறகு ஜேர்மனி, பிறகு பிரான்ஸ். 2009 ஜனவரி முதலாம் திகதி உயிர் வந்தது. அதே வருடம் சுவிஸும் சேர்ந்தது. பின்லாந்து, ஒஸ்திரியா, எஸ்தோனியா, போர்த்துக்கல், பெல்ஜியம் என்று மெல்ல மெல்லச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஐரோப்பாதான். கனடா இல்லை, அவுஸ்திரேலியா இல்லை, இலங்கையும் இல்லை.

பெரியவர்களுக்கு எது நல்லது என்று அந்த உடன்படிக்கை சொல்லவில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் பார்ப்பது, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், ஒரு நாட்டு ஆணையை மற்ற நாடு எப்படி ஏற்பது என்ற மூன்றையும்தான் ஒழுங்குபடுத்துகிறது. கேட்க வறட்சியாக இருக்கும். நடைமுறையில் குடும்பங்கள் இடறி விழுவது இந்த மூன்றில்தான். 1905இலேயே இப்படி ஒரு ஹேக் உடன்படிக்கை இருந்தது. அது ஆளின் குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு நின்றது. 2000ஆம் ஆண்டுக்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். ஆள் எங்கே வழக்கமாக வாழ்கிறாரோ அந்த நாட்டு அதிகாரிகளுக்கே முதல் உரிமை. குடியுரிமை நாட்டுக்கு அடுத்த இடம். சொத்து இருக்கிற நாட்டுக்கு அந்தச் சொத்தின் அளவில் உரிமை. அவசரம் என்றால் ஆள் நிற்கிற நாடே நடவடிக்கை எடுக்கலாம். விசா விடயத்தில் மட்டும் கை வைக்கவில்லை. தஞ்சம், குடிவரவு முடிவுகள் இதில் வராது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். அம்மாவை ஜேர்மனிக்குக் கூப்பிட இந்த உடன்படிக்கையைக் காட்டலாமா என்று அக்கா கேட்டா. காட்ட முடியாது.

அதில் ஆறாவது உறுப்புரையை வாசித்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்ப வாசித்தேன். அகதிகளுக்கும், தம் நாட்டுக் குழப்பத்தால் எல்லை தாண்டி இடம்பெயர்ந்தவர்களுக்கும், அவர்கள் வந்து நிற்கிற நாட்டின் அதிகாரிகளே பொறுப்பு என்கிறது. அகதியாக இருப்பவரை அவர் தப்பி ஓடி வந்த நாட்டின் கையில், குடியுரிமை என்ற பெயரில், திருப்பிக் கொடுப்பதில்லை. நம்மவர்கள் ஹேக் மேசையில் உட்காரவில்லை. ஆனால் 83 கலவரத்துக்குப் பிறகு போனவர்களுக்கு அந்த உறுப்புரை பொருந்துகிறது.

என் மாமா ஒருவர் அப்படிப் போனவர். ஜேர்மனியில் அகதியாக இருந்து, தொழிற்சாலையில் வேலை செய்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்து, ஓய்வுக்குப் பிறகு நிலாவெளி றோட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்து குடியேறினார். காலையில் கடற்கரையில் மீன் வாங்கப் போவதும், பின்னேரம் சைக்கிளில் சாம்பல்தீவுப் பாலம் வரை போய் வருவதும்தான் அவர் வேலை. திடீரென்று பக்கவாதம். பேச்சு போயிற்று, ஆட்களை மட்டுமட்டாகத்தான் தெரிந்தது.

வேலையிடத்துச் சிநேகிதன் ஒருவனின் தொல்லையால் மாமா அங்கே இருக்கும்போதே நொத்தாரிசு முன் மகள் பேரில் அந்த நீளப் பெயர்ப் பத்திரத்தை எழுதி வைத்திருந்தார். மகள் அதைக் கொண்டுபோய் ஜேர்மன் வங்கியிலும் ஓய்வூதிய அலுவலகத்திலும் காட்டினாள். வேலை நடந்தது. ஹேக் உடன்படிக்கைப்படி அப்பத்திரத்துக்கு எந்தச் சட்டம் என்றால், எழுதும்போது ஆள் வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டம். பிறகு திருகோணமலைக்கு வந்து குடியேறினாலும் அது மாறாது. எழுத்தில் வெளிப்படையாகக் குறித்தால் குடியுரிமை நாட்டின் சட்டத்தையோ, முன்பு வாழ்ந்த நாட்டின் சட்டத்தையோ தெரிவு செய்யவும் இடமுண்டு. எழுதாமல் விட்டிருந்தால்கூட, குடியுரிமை நாடு என்ற வகையில் ஜேர்மன் நீதிமன்றம் தலையிட்டிருக்கலாம்.

ஆனால் மாமா கிடந்தது இங்கே. மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, அதே பத்திரத்தை இங்கே கொண்டுவந்தால் வங்கியில் தலையைச் சொறிந்தார்கள். சட்டத்தரணி தயங்கினார். இந்த நாட்டு வழமைப்படி, ஆளுக்கு நினைவு போனதோடு அற்றோணியும் போயிற்றல்லவா? ஆஸ்பத்திரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். வயிற்றில் குழாய் போட வேண்டும் என்றார்கள். "மகள்தானே நீங்கள், இதில ஒரு கையெழுத்து வையுங்கோ." ஒரு கடதாசியும் கேட்கவில்லை. உடம்பை வெட்டுவதற்கு மகள் என்ற உறவு போதும், கணக்கில் இருக்கிற காசை அந்த வைத்தியத்துக்கே எடுப்பதற்குப் போதாது. மகள் பொல்லாதவளாக இருந்திருந்தால்? காசைக் காப்பாற்றியிருப்போம், மாமாவைக் காப்பாற்ற ஒரு சட்டமும் குறுக்கே வந்திராது.

இலங்கை அந்த ஹேக் உடன்படிக்கையில் இருந்திருந்தால், ஜேர்மன் அதிகாரிகள் மகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கலாம். இவர் இன்னாருக்காக இன்னின்ன செய்யலாம் என்று அதில் எழுதியிருக்கும். மறுத்துக் காட்டாத வரை அது உண்மை என்று இங்குள்ள வங்கி ஏற்றிருக்க வேண்டும். அதிகாரத்தைப் பயன்படுத்தும் விதம் அந்தந்த நாட்டுச் சட்டப்படிதான் என்பதால், காணி உறுதி எழுதும் முறை மாறியிராது. அவ்வளவுதான், பெரிய மந்திரமில்லை.

நமக்கு ஹேக் தெரியாத இடமும் இல்லை. இந்த உடன்படிக்கைகளைச் செய்கிற ஹேக் மாநாட்டு அமைப்பில் இலங்கை 2001 முதல் உறுப்பு நாடு. அதே வருடம் சிறுவர்களை நாடுவிட்டு நாடு கடத்துவது பற்றிய 1980ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்று, அதற்கென்று தனிச் சட்டமும் செய்தது. பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளையைக் கொழும்புக்குத் தூக்கி வந்தால் மற்றவருக்கு வழி இருக்கிறது. அம்மாவின் பெயரில் நடக்கிறதைத் தட்டிக் கேட்க அப்படி ஒரு வழி இல்லை. இங்கிலாந்து இந்த விடயத்தில் ஒரு வேடிக்கை. தனக்கென்று அது உடன்படிக்கையை ஏற்கவில்லை, ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அதன் சாரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டது. ஆள் வழக்கமாக வாழும் நாட்டில் எடுத்த பாதுகாப்பு நடவடிக்கையை, அந்த நாடு உடன்படிக்கையில் இல்லாவிட்டாலும், அங்கே ஏற்கலாம். ஆகவே பெரியம்மாவின் பெயரில் லண்டனில் ஒரு கணக்கு இருந்திருந்தால், நம்மூர் மாவட்ட நீதிமன்றக் கட்டளையோடு தம்பி அங்கே போய்க் கதவைத் தட்டலாம்.

இலங்கை சேர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் சேர்ந்தால் மட்டும் என்ன? 1873ஐயும் 1889ஐயும் வைத்துக்கொண்டு சேர்ந்தால், அந்தப் பழைய 'சித்த சுவாதீனம் அற்றவர்' கட்டளைகள்தான் எல்லை தாண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 2007இல் ஒப்பமிட்டு 2016இல் அதை ஏற்றும் விட்டது. அதன் பன்னிரண்டாம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லாருக்கும் சம ஆளுமை, தேவைப்பட்டால் முடிவெடுக்கத் துணை, என்கிறது. அதற்கான ஐ.நா. குழு 2014இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவருக்குப் பதிலாக மற்றவர் முடிவெடுக்கும் முறைகளையே கைவிட்டு, துணையோடு அவரே முடிவெடுக்கும் முறைக்கு மாறச் சொன்னது. பெரு 2018இலும் கொலம்பியா 2019இலும் அந்தத் திசையில் சட்டத்தை மாற்றின.

கொள்கை நல்லது. முழுதாக என்னால் தலையாட்ட முடியவில்லை. பெரியம்மாவுக்குத் துணை நிற்பது யார்? மூன்று பிள்ளைகளும் மூன்று நேர வலயத்தில். கூட இருக்கிற பெண்ணோ சம்பளத்துக்கு வந்தவள். ஒருவரும் முடிவெடுக்காமல் விட்டால் எங்கள் ஊரில் முடிவெடுப்பது வேலியை நகர்த்தத் தெரிந்த பக்கத்துக் காணிக்காரன். ஜேர்மனி 2023இல் செய்த திருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீதிமன்றம் நியமிக்கும் ஆள் இருப்பார், ஆனால் பராமரிக்கப்படுபவரின் விருப்பம்தான் அவருக்கு அளவுகோல். விருப்பத்தை அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். "இஞ்சையிருந்து ஒரு இடமும் போகமாட்டன்" என்று ஒருவர் சொன்ன பிறகு, அதை ஒதுக்கிவிட்டு நடக்க அவருக்கு நல்ல காரணம் வேண்டும்.

எங்கள் விண்ணப்பம் மாவட்ட நீதிமன்றத்தில் கிடக்கிறது. தவணை, மறு தவணை, அடுத்த தவணை. வீட்டை விற்கும் பேச்சை லண்டன் தம்பி முதலில் கைவிட்டான், பிறகு அக்கா. கனடா அண்ணா இன்னும் முழு மனதாக இல்லை. பராமரிப்புச் செலவை மாதம் மாதம் யார் எவ்வளவு கொடுப்பது என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான்.

இதையெல்லாம் பார்த்தபின் என் பாட்டைப் பார்க்கத் தொடங்கினேன். என் மகள் சுவிஸில். இங்கே இருந்துகொண்டு, எனக்கு நினைவு போன பிறகும் நிற்கக்கூடிய ஒரு பத்திரம் என்னால் எழுத முடியாது. அப்படி ஒன்று நம் சட்டத்தில் இல்லை. ஊரில் எல்லாரும் செய்வது, சீவிய உருத்தை வைத்துக்கொண்டு வீட்டைப் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதுவது. சாகும் வரை நான் இருக்கலாம், ஆனால் உறுதி பிள்ளையின் பெயரில். பிள்ளை நன்றி கெட்டு நடந்தால் வழக்கு வைத்து மீட்கலாம் என்று சட்டம் உண்டு, ஆனால் நினைவு போனவன் எப்படி வழக்கு வைப்பான்? மற்றது கூட்டுக் கணக்கு. அதில் எடுக்கிறவரை ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வங்கியில் இருந்த எனக்கு அது தெரியும்.

கடைசியில் வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு முடிவெடுக்க ஏலாமல் போனால் காசு எதற்குச் செலவாக வேண்டும், அதை யார் பார்க்க வேண்டும், பார்க்கிறவர் வேறு யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று. சட்டத்தரணி வாசித்துவிட்டு, "இதுக்குச் சட்டத்தில ஒரு பலமும் இல்லை அண்ணை, ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில உங்கட விருப்பம் என்னெண்டு கேட்டால் காட்டலாம். திகதி போட்டு, ரெண்டு சாட்சியும் வையுங்கோ" என்றார். மகளுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். எல்லாம் சரியாம். என் காசைச் செலவழிக்கிற கணக்கை அவள் தன் சித்தப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "என்னில நம்பிக்கை இல்லையோ அப்பா?" என்று தொடங்கியவள் இன்னும் விடவில்லை. நானும் அந்த வரியை வெட்டுவதாக இல்லை.